கதவைக் கழற்றி வைத்த வாரம்

வீட்டைப் புதுப்பித்துத் தரச் சொல்லி யார் வந்து உட்கார்ந்தாலும் அவர் முதலில் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்.

"முதல்ல தூசி வரும். அப்புறம் வீட்டுக்குள்ள சண்டை வரும். கடைசியாத்தான் புது வீடு வரும். மூணுக்கும் சம்மதம்னா டீ சொல்றேன், பேசலாம்."

பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் பக்கத்தில் இருக்கும் கணவனையோ மனைவியையோ ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். எழுந்து போனவர்கள் குறைவு. இந்த வசனத்தால் அவருக்குத் தூசியக்கா என்று பெயர் வந்து, அதுவே நிலைத்தும்விட்டது. அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர்கள்கூடப் போனில், "தூசியக்காவா பேசறது?" என்றுதான் கேட்பார்கள்.

தையல் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவில் ஓர் ஒற்றை அறை. அதுதான் அலுவலகம். உள்ளே சுவர் முழுக்கப் புகைப்படங்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் பளபளக்கும் சமையலறைகளை மாட்டி வைப்பார்கள். தூசியக்கா மாட்டியிருந்தது வேலைக்கு முந்தைய படங்களை மட்டும். தொட்டிக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் தண்ணீர் கொட்டும் குழாய். ஏறிப் போனால் சுவரில் முட்டிக்கொள்ளும் மாடிப்படி. திறந்தால் பாதியில் கட்டிலில் இடித்து நின்றுவிடுவதால், ஆள் பக்கவாட்டில் நுழைய வேண்டிய படுக்கையறைக் கதவு. வருகிறவர்களுக்கு அவற்றைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிடும்.

"பரவால்லையே, நம்ம வீடு எவ்வளவோ தேவலை!"

அந்த மனநிலையில் இருப்பவர்களிடம் பேசுவது சுலபம் என்று அவருக்குத் தெரியும். பயந்தவர்களைச் சமாளிப்பதில் பதினோரு வருட அனுபவம் அவருக்கு. ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருந்தவர் அவர். அந்த வகையில், அவர் இந்தத் தொழிலுக்கு வந்தது வாய் வழியாகத்தான்.

பல் டாக்டர் ஒரு வருடம் தன் மருத்துவமனையைப் புதுப்பிக்க நினைத்தார். ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்தார். இரண்டே நாளில் தரை முழுவதையும் பெயர்த்துப் போட்டார். மூன்றாம் நாள், "சாமான் வாங்கிட்டு வர்றேன்" என்று போனார். அந்தச் சாமான் எந்தக் கண்டத்தில் கிடைக்கிறதோ, இன்று வரை ஆள் திரும்பவில்லை. டாக்டர் நோயாளிகளின் நாற்காலியில் கால்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தார். கீழே வைக்கத் தரை இல்லை.

"இப்ப என்னம்மா பண்றது? எல்லாம் போச்சு. இருபது வருஷப் பேரு. நாளைக்கு ரெண்டு பேருக்குக் கடைவாய்ப் பல்லு எடுக்கணும்..."

"டாக்டர், நீங்க கொஞ்சம் வாயை மூடிட்டுப் படுத்திருங்க. நான் பாத்துக்கறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. வாழ்நாள் முழுக்க மற்றவர்களை வாயைத் திறக்கச் சொன்ன டாக்டர், அன்று மறுபேச்சு இல்லாமல் மூடிக்கொண்டார்.

அவருக்குக் கட்டட வேலை எதுவும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: யார் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று எழுதி வைப்பது. நோயாளிகளுக்கான பதிவேட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். ஒன்பது மணி, பிளம்பர். பதினோரு மணி, எலக்ட்ரீஷியன். இரண்டு மணி, கொத்தனார். முந்தின நாள் சாயங்காலமே எல்லாருக்கும் போன் செய்தார், பழைய பழக்கத்தில் அதே தேன் குரலில்.

"வணக்கம். நாளைக்கு ரெண்டு மணிக்கு உங்களுக்கு அப்பாயின்ட்மென்ட் இருக்கு. ஞாபகப்படுத்தத்தான் கூப்பிட்டேன்."

கொத்தனார் வெலவெலத்துப் போனார். முப்பது வருடத்தில் அவரை யாரும் இப்படிக் கூப்பிட்டதில்லை. "எங்க இருக்க? வர்றியா இல்லையா?" என்ற கத்தலை மட்டுமே கேட்டுப் பழகியவர், மறுநாள் ஒன்றே முக்காலுக்கே தலை வாரிக்கொண்டு வந்து வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார்.

பதினேழு நாளில் மருத்துவமனை தயாராகிவிட்டது. பல் காட்ட வந்த ஒருவர், வாய்க்குள் இரண்டு கருவிகள் இருக்கும்போதே கூரையைக் காட்டி ஏதோ கேட்டார். கருவிகளை வெளியே எடுத்த பிறகுதான் புரிந்தது. "இதை யாரு பண்ணது? எங்க வீட்டுக்கும் வருவாங்களா?"

அடுத்த வருடம் தூசியக்கா மேஜையை விட்டு எழுந்தார். கொத்தனார் அவருடனேயே வந்துவிட்டார்.

வேலை எடுக்கும் முன் அவர் செய்யும் காரியம் ஒன்று உண்டு. அந்த வீட்டில் ஒரு முழு நாள் சும்மா உட்கார்ந்திருப்பார். யார் எங்கே செருப்பை விடுகிறார்கள், யார் எதன் மேல் இடித்துக்கொள்கிறார்கள் என்று பார்ப்பார். வேலை ஆரம்பித்ததும், தினம் ஆறு மணிக்கு வீட்டுக்காரர்களுக்குப் போன் போகும். இன்று என்ன நடந்தது, நாளைக்கு என்ன நடக்கும், எது நடக்கவில்லை. வேலையே நடக்காத நாளிலும் போன் உண்டு. ஊசி போட்டால் வலிக்குமா என்று கேட்டவர்களிடம், "வலிக்கும், பத்து எண்ணறதுக்குள்ள போயிடும்" என்று சொல்லிப் பழகியவர். பொய் சொன்னால் நோயாளி இரண்டாவது முறை வாயைத் திறக்க மாட்டார் என்பது அவருக்குப் பாடம்.

ஒருமுறை ஒரு வயதான தம்பதி சமையலறையை மாற்றக் கூப்பிட்டார்கள். கணவர் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆறடி. மனைவி ஓவிய ஆசிரியை, கணவரின் மார்புக்குக்கூட வரமாட்டார். மனைவி குளிக்கப் போனதும் கணவர் ரகசியமாகப் போன் செய்வார்: "மேடையை உயரமா வைங்க. குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சு. அவகிட்ட சொல்லாதீங்க." கணவர் நடக்கப் போனதும் மனைவி போன் செய்வார்: "அவர் கூப்பிட்டாரா? எனக்குத் தெரியும். தாழ்வா வைங்க. நான் என்ன ஏணி போட்டா காய் நறுக்கறது?" தூசியக்கா ஒரு நாள் அந்தச் சமையலறை மூலையில் உட்கார்ந்து பார்த்தார். அடுப்பருகே போவது எப்போதும் கணவர். நறுக்குவது எப்போதும் மனைவி. அன்று மட்டும் பதினான்கு தடவை இடித்துக்கொண்டார்கள். அடுப்பு மேடையை உயர்த்தி, நறுக்கும் மேடையைத் தாழ்த்தி, நடுவில் ஓர் ஆள் போக வழி விட்டார். வேலை முடிந்ததும் இருவரும் தனித்தனியாக நன்றி சொன்னார்கள். நாம்தான் ஜெயித்தோம் என்று இருவருக்குமே நம்பிக்கை.

இப்படி ஊரையே சீர்படுத்தியவர் வீட்டில் என்ன நிலைமை என்றால், அதைச் சொல்லாமல் இருப்பதே மரியாதை. ஆனால் கதை அங்கேதான் இருக்கிறது.

பெண்கள் விடுதி நடத்தும் ஓர் அம்மாள் அலுவலகத்துக்கு வந்தார். மூன்று மாடி, இருபத்திரண்டு அறை, எல்லா அறையிலும் ஆட்கள். யாரையும் காலி செய்யச் சொல்லாமல் முழு விடுதியையும் புதுப்பிக்க வேண்டும். தூசியக்காவின் தொழிலில் அவ்வளவு பெரிய வேலை வந்ததே இல்லை. விடுதியம்மா சுவரில் இருந்த படங்களைப் பார்த்தார், சிரிக்கவில்லை. தேநீரைப் பாதி குடித்தார்.

"உங்க வீடு எங்க இருக்கு?"

"எதுக்குங்க?"

"பாக்கணும். அடுத்தவங்க வீட்டை எல்லாரும் அழகாத்தான் பண்ணுவாங்க. நீங்க இருக்கற வீட்டைப் பாத்தா எனக்கு எல்லாம் விளங்கிடும். அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன்."

"தாராளமா வாங்க" என்றார் தூசியக்கா. வந்தவர் படியிறங்கிப் போனதும், ஒரு சொம்புத் தண்ணீரையும், பிறகு தெரியாமல் விடுதியம்மா மிச்சம் வைத்த தேநீரையும் குடித்து முடித்தார்.

அவருடைய வீட்டில் கூடத்து விளக்கின் சுவிட்ச் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. விளக்குப் போட ஒரு நீளக் கரண்டி. சமையலறையில் இரண்டாவது இழுப்பறையைத் திறக்க முதல் இழுப்பறையை உதைக்க வேண்டும். குளியலறைத் தரையில் ஏழு வகை டைல்ஸ், எல்லாம் ஏழு வாடிக்கையாளர் வீடுகளில் மிஞ்சியவை. "இது நம்ம வீடே இல்லம்மா, உங்க கஸ்டமருங்க வீட்டோட மிச்சம்" என்பாள் சட்டம் படிக்கும் மகள். குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் விழுந்து ஒன்பது வருடம். உள்ளே இருப்பவர் பாட வேண்டும், அதுதான் ஏற்பாடு. அவருடைய கணவர் நூலகர். பகல் முழுக்க உதட்டை மட்டும் அசைத்துப் பேசும் மனிதர், குளியலறைக்குள் போனால் தெருமுனை வரை கேட்கும்.

அன்று சாயங்காலமே தூசியக்கா அறிவித்தார். "நாளையிலேர்ந்து நம்ம வீட்ல வேலை. ஒம்பது நாள்ல முடியணும்."

கணவர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். "தாழ்ப்பாளும் போடுவியா?"

"பின்ன?"

"அப்ப நான் எதுக்குப் பாடறது?" என்றார், உண்மையான கவலையோடு.

மறுநாள் காலை கொத்தனாரும் பிளம்பரும் வந்தார்கள். பிளம்பர் எதைக் கேட்டாலும் "அஞ்சே நிமிஷம்" என்பார். அவர் ஐந்து நிமிடத்தில் முடித்த வேலை எதையும் யாரும் பார்த்ததில்லை, முடிக்காமல் விட்ட வேலையையும் பார்த்ததில்லை. இருவரும் தூசியக்காவிடம் பல வருடம் வேலை பார்த்தவர்கள். அவரைக் கலங்கிப் பார்த்ததே கிடையாது. அந்த வாரம் பார்த்தார்கள்.

முதல் நாள் சாம்பல் நிற டைல்ஸ் என்றார். மத்தியானம் வெள்ளை என்றார். மூன்று மணிக்கு, வெள்ளையில் அழுக்குத் தெரியும், சாம்பலே இருக்கட்டும் என்றார். கொத்தனார் ரசமட்டத்தை வைத்துத் தரையின் மட்டம் பார்த்தால், பின்னால் குனிந்து அவரும் பார்த்தார். சுத்தியல் சத்தம் கேட்டால், "மெதுவா, மெதுவா!" என்று ஓடி வந்தார். குளியலறைக் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தபோது, யாரோ வீட்டு ஆளைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் நின்றார். சமையலறைச் சாமான் கூடத்துக்கு வந்தது. கூடத்துச் சாமான் படுக்கையறைக்குப் போனது. கணவர் ஒரு நாள் காலை தோட்டத்துக் குழாயில் பல் தேய்த்துவிட்டு உள்ளே வந்தால், நாற்காலி இருந்த இடத்தில் குளிர்சாதனப் பெட்டி நின்றது.

நான்காம் நாள் பெரிய சண்டை வந்தது. கணவர் தன் புத்தக அலமாரியின் மேல் குக்கரைப் பார்த்துவிட்டார்.

"நூலகத்துல கூட யாரும் இப்படிப் பண்ண மாட்டாங்க!"

"நூலகத்துல யாரு சமைக்கறா?"

"ரெண்டு பேரும் வெளிய போய்ச் சண்டை போடுங்க, எனக்குப் பரீட்சை" என்றாள் மகள். வெளியே போனார்கள். வெளியே மணல் கொட்டியிருந்தது, நிற்க இடம் இல்லை. திரும்பி வந்துவிட்டார்கள்.

கொத்தனார் பூச்சுக் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுத் தூசியக்காவிடம் வந்தார். அதிகம் பேசாத மனிதர். "அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லுங்கண்ணே."

"இவ்வளவு மோசமான வீட்டுக்காரம்மாவை நான் பாத்ததே இல்ல."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். தூசியக்கா படுக்கையறையில், மூட்டைகளுக்கு நடுவே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். முதல் முறையாக அவருக்குப் பயம் வந்தது. அது விடுதியம்மாவைப் பற்றிய பயம் அல்ல. பழைய வீடு போய்விட்டது, புது வீடு வரவில்லை, நடுவில் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாத பயம். தன்னிடம் வந்தவர்கள் எல்லாரும் இப்படியா உட்கார்ந்திருந்தார்கள்?

ஆறு மணிக்குப் போன் அடித்தது. எடுத்தார்.

"வணக்கம்மா" என்றது கொத்தனாரின் குரல், எங்கிருந்தோ கற்றுக்கொண்ட தேன் குரலில். "இன்னைக்கு உங்க வீட்ல பழைய டைல்ஸ் எல்லாம் எடுத்தாச்சு. தரைக்குக் கீழ ஒரு குழாய் ஒழுகிட்டு இருந்துச்சு, மாத்திட்டோம். சமையலறை இழுப்பறை நாளைக்கு. சாம்பல் கலர்தான் நல்லாருக்கும், அதையே போடறோம். ஞாயித்துக்கிழமைக்குள்ள எல்லாம் முடியாது, அதையும் சொல்லிடறேன். தைரியமா இருங்க."

ஜன்னல் வழியே பார்த்தார். வாசல் கேட்டுக்கு வெளியே, முதுகைக் காட்டிக்கொண்டு கொத்தனார் போனில் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிளம்பர் நின்று, அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"சரிங்கண்ணே" என்றார் தூசியக்கா. போனை வைத்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். தூசி என்று சொல்லிக்கொள்ள வசதியாக வீடு முழுக்கத் தூசி இருந்தது. மறுநாளிலிருந்து அவர் டைல்ஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. மகள் திறந்தாள். விடுதியம்மா நின்றுகொண்டிருந்தார், இரண்டு நாள் முன்னதாக.

தூசியக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். தலையில் துண்டு, கையில் பசை டப்பா. ஒளிய இடமில்லை. எங்கே ஒளிந்தாலும் அங்கே ஏதாவது ஒரு சாமான் இருந்தது.

"உள்ள வாங்க" என்றார். "வீடு இப்படித்தான் இருக்கு. ஒம்பது வருஷமா தாழ்ப்பாள் கூடப் போடல. நீங்க வர்றீங்கன்னுதான் ஆரம்பிச்சோம். ஞாயித்துக்கிழமையும் முடிஞ்சிருக்காது."

விடுதியம்மா சுற்றிப் பார்த்தார். குக்கர், அலமாரி, மூட்டைகள், ஒன்றையும் விடவில்லை. பிறகு, கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தினார். "அதெல்லாம் இருக்கட்டும். ரெண்டு மணி நேரம் பஸ்ல வந்தேன். பாத்ரூம் எங்க?"

எல்லாரும் தூசியக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இருக்கு" என்றார் தூசியக்கா. "கதவுதான் இல்ல."

விடுதியம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்த கொத்தனார் சுவரில் சாய்த்திருந்த கதவின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். பிளம்பர் மறு பக்கத்தைப் பிடித்தார். இருவருமாகக் கதவைத் தூக்கி நிலையில் பொருத்தி நிறுத்தி, அதற்கு முதுகு கொடுத்து, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி நின்றார்கள்.

"நீங்க போங்கம்மா" என்றார் பிளம்பர். "அஞ்சே நிமிஷம்."

விடுதியம்மாவுக்கு வேறு வழி இல்லை. உள்ளே போனார். வெளியே ஐந்து பேர், சின்ன வீடு, ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. மகள் நிலைமையைப் புரிந்துகொண்டாள். "அப்பா! பாடுங்க!"

"இப்பவா?"

"இப்பத்தான்!"

நூலகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கூடத்தின் நடுவில், குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்து ஒரு பழைய பாட்டை எடுத்துவிட்டார். வெட்கத்தில் சுருதி கொஞ்சம் மேலே போய்விட்டது. இரண்டாவது சரணத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அந்த வரி முதல்ல வராது! அதுக்கு முன்னாடி இன்னொண்ணு இருக்கு!"

"எதுங்க?" என்றார் நூலகர்.

உள்ளேயிருந்து விடுதியம்மா பாடிக் காட்டினார். நல்ல குரல். கதவைப் பிடித்திருந்த இருவரும் சிரிப்பை அடக்கியதில் கதவு கிடுகிடுவென்று ஆடியது. "ஆட்டாதீங்க!" என்று ஓர் அதட்டலும் வந்தது.

வெளியே வந்து கைகழுவிய பிறகு, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அவர் சொன்னார்: "நான் வேணும்னுதான் முன்னாடி வந்தேன். முடிச்ச வீட்டை யாரு வேணாலும் காட்டலாம். என்கிட்ட இருபத்திரெண்டு அறையில பொண்ணுங்க இருக்காங்க. பாதி உடைஞ்சு கெடக்கும்போது இவங்க எப்படி நடந்துக்குவாங்கன்னுதான் எனக்குத் தெரியணும்." கொத்தனாரையும் பிளம்பரையும் காட்டினார். "இந்த ரெண்டு பேரும் வருவாங்களா?"

"அவங்க இல்லாம நான் எங்கயும் போறதில்ல" என்றார் தூசியக்கா.

விடுதி வேலை ஏழு மாதம் நடந்தது. சொன்னபடியே தூசி வந்தது, சண்டையும் வந்தது. இரண்டாம் மாடியில் இருந்த செவிலி இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குகிறவர். சுத்தியல் எடுத்தவுடன் கதவைத் திறந்து செருப்பை எறிந்தார். குறி தப்பவில்லை. தூசியக்கா அந்த மாடிக்கு வேலை நேரத்தையே மாற்றினார். செவிலி விழித்து, தேநீர் குடித்து, "ம், ஆரம்பிங்க" என்று சொன்ன பிறகுதான் அங்கே முதல் அடி விழும். எல்லா அறையும் முடிந்த அன்று, எறிந்த செருப்பைக் கொத்தனார் காகிதத்தில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார்.

அதன் பிறகு வேலைகள் வரிசையில் நிற்க ஆரம்பித்தன. இன்று தூசியக்காவிடம் பதினெட்டுப் பேர் இருக்கிறார்கள். கொத்தனார் மேற்பார்வையாளராகிவிட்டார். ஆனாலும் கரண்டியைக் கையிலிருந்து விடுவதில்லை.

போன வருடம் மகள் வழக்கறிஞரானாள். முதல் காரியமாக, அம்மாவும் அப்பாவும் ஒரு வாரம் எங்காவது போய் ஓய்வெடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லி, கடற்கரை ஓட்டல் ஒன்றில் அறை எடுத்துக் கொடுத்தாள். போனை வாங்கி வைத்துக்கொண்டாள். முதல் நாள் முழுவதும் தூசியக்கா பால்கனியில் உட்கார்ந்து அலைகளைப் பார்த்தார். இரண்டாம் நாள் காலை, அலமாரிக்குப் பக்கத்துச் சுவரை எதேச்சையாகத் தட்டினார். சத்தம் வேறு மாதிரி இருந்தது. இன்னொரு முறை தட்டினார்.

"வேண்டாம்" என்றார் கணவர், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இது சும்மா தடுப்புப் பலகைங்க. பின்னாடி மூணடி இடம் வீணா கெடக்கு."

"நாம லீவுல வந்திருக்கோம்."

"நான் சும்மா சொல்றேன்."

மத்தியானத்துக்குள் அவர்கள் அறையில் ஓட்டல் மேலாளர் நின்றுகொண்டிருந்தார், கையில் குறிப்பேடு. தூசியக்கா கைப்பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து ஒரு நுனியை அவரிடம் கொடுத்து, மறு நுனியோடு கட்டிலுக்கு அடியில் குனிந்தார். நூலகர் பக்கத்தைத் திருப்பி, டேப் போக வழி விட்டுக் கால்கள் இரண்டையும் மேலே தூக்கிக்கொண்டார்.